பன்றிமூக்கு டிராகன்

எலிஸ் பியூவை எங்கள் ஊரில் யாரும் எலிஸ் பியூ என்று கூப்பிட்டதில்லை. வேல்ஸ் மலைநாட்டில் இருக்கும் எங்கள் நன்ட் ஓயரில் எலிஸ் என்ற பெயரில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கோழி எலிஸ், தபால் எலிஸ், நெட்டை எலிஸ் என்று ஆளுக்கொரு பட்டப்பெயர். இவருக்குக் கிடைத்தது பன்னி எலிஸ். அவர் பன்றி வளர்த்தவர் அல்ல. அவர் ஏற்றிய கொடியில் இருந்த டிராகனுக்குப் பன்றி மூக்கு, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அம்மா போன பிறகு தம்பிகளுக்குச் சமைத்துப்போட ஆள் வேண்டியிருந்ததால் நான் பள்ளிக்கூடத்தைச் சீக்கிரமே விட்டுவிட்டேன். பிற்பாடு எங்கள் ஊர் ஜெபக்கூடமான சேப்பலைக் கூட்டித் துடைக்கும் வேலையும் கிடைத்தது. தம்பிகள் இருவரும் எலிஸோடு சிலேட்டுக் குவாரியில் வேலை பார்த்தார்கள். அவர்கள் சாப்பாட்டு மேசையில் சொன்னதும், சுவருக்கு அந்தப் பக்கம் நான் நேரில் பார்த்ததும்தான் இது.

கொடி ஏற்றிய கதை முப்பதுகளில் நடந்தது. ஒரு மார்ச் முதல் தேதி, எங்கள் நாட்டுப் புனிதர் டேவிட்டின் திருநாளன்று, ஒரு பெரிய கோட்டையின் கோபுரத்தில் பறந்த ஆங்கிலக் கொடியைச் சில இளைஞர்கள் இறக்கிவிட்டு, நம் நாட்டுச் சின்னமான சிவப்பு டிராகனை ஏற்றினார்கள் என்று பத்திரிகையில் வந்தது. எலிஸ் அதைப் படித்துவிட்டுத் தூங்கவில்லை. எங்கள் குவாரி அலுவலகக் கூரையிலும் ஒரு கம்பம் உண்டு. முதலாளி ஆங்கிலேயப் பிரபு. அவர் ஊரில் இல்லாத நாளிலும் அவர் கொடி அங்கே பறக்கும். அடுத்த வருஷம் டேவிட் திருநாளுக்கு அந்தக் கம்பத்தில் டிராகன் ஏற வேண்டும் என்று எலிஸ் முடிவு செய்தார்.

டிராகன் கொடி கடையில் கிடைக்கிற காலம் அல்ல அது. அவருக்கு நிச்சயமாகியிருந்த லெய்சாதான் தைத்துக் கொடுத்தாள். வெள்ளைக்குப் படுக்கை விரிப்பு. பச்சைக்கு, ஊர் வாசகசாலையில் புதுத்துணி போடும்போது கழித்துப்போட்ட பழைய பில்லியர்ட்ஸ் மேசைத் துணி. சிவப்புக்கு அவளுடைய அம்மாவின் ஃபிளானல் உள்பாவாடை. லெய்சா அதுவரை பார்த்திருந்த ஒரே டிராகன் பாடகர் குழுவினர் சட்டையில் குத்திக்கொள்ளும் பித்தளை வில்லையில் இருந்ததுதான். அது கட்டைவிரல் நகம் அளவு. அதைப் பார்த்து உடம்பை வெட்டினாள், றெக்கையை வெட்டினாள், அம்பு முனை போன்ற வாலை வெட்டினாள், தூக்கிய முன்னங்காலை நகத்தோடு வெட்டினாள். தலைக்கு வந்தபோது உள்பாவாடை தீர்ந்துபோயிற்று. இருந்ததை வைத்து ஒட்டுப்போட்டதில் மூக்கு மழுங்கி மேலே தூக்கிக்கொண்டது.

டேவிட் திருநாள் காலையில் சங்கு ஊதி ஆட்கள் மலையேறி வந்தபோது கூரைமேல் கொடி பறந்தது. எல்லோரும் நின்றார்கள். சிலர் தொப்பியைக் கழற்றினார்கள் என்று என் தம்பி சொன்னான். அப்போது நெட்டை எலிஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "யார் வீட்டுப் பன்னிடா அது, கூரையேறி நிக்குது?" என்று கேட்டான். மலையே சிரித்தது.

மேலாளர் அந்தக் கோடை முழுக்க எலிஸுக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார். அவர் கரி மூட்டை தூக்கினார். லெய்சா அழுதாள். வேலை போனதற்காக அல்ல, மூக்குக்காக.

"பிரிச்சுக் குடு, திருத்தித் தர்றேன்" என்றாளாம்.

"எதுக்கு? டிராகன நேர்ல பார்த்தவன் எவனாவது வந்து மூக்கு இப்படி இல்லன்னு சொல்லட்டும். அப்ப மாத்திக்கலாம்" என்றாராம் எலிஸ்.

அந்த இலையுதிர்காலத்திலேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். பிள்ளை இல்லை. ஒவ்வொரு மார்ச் முதல் தேதியும் மாடி ஜன்னலிலிருந்து அந்தக் கொடி தொங்கும். தெருப் பிள்ளைகள் கீழே நின்று பன்றிபோல் உறுமிக் காட்டுவார்கள். எலிஸ் மேலிருந்து பதிலுக்கு உறுமுவார்.

குவாரியில் மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் கூடும் கல் கொட்டகைக்கு நாங்கள் கபான் என்போம். பெண்களுக்கு அங்கே இடமில்லை. டீ கொதிக்கும், விவாதமும் கொதிக்கும். தலைவர் ஒருவர் உண்டு, பேச நேரம் ஒதுக்குவார். எலிஸுக்கு எப்போதும் ஒரே தலைப்புதான் என்று தம்பிகள் அலுத்துக்கொள்வார்கள். எதிர்மலையைக் காட்டிச் சொல்வாராம்: "அந்தா, அங்கதான் நம்ம பழைய ராஜா கோட்டை கட்டப் பார்த்தான். பகல்ல கட்டுன சுவரு ராத்திரி விழுந்திரும். ஏன்? அடியில குளம். குளத்துக்குள்ள ரெண்டு டிராகன். ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்பு. தோண்டி வெளிய விட்டதும் ரெண்டும் அடிச்சுக்கிச்சு. வெள்ளை வந்தேறி, சிவப்பு நாம. மொதல்ல சிவப்பு தோத்துக்கிட்டே போச்சு. அப்புறம் எழுந்திரிச்சுது பாரு, வெள்ளைய விரட்டிருச்சு."

"விரட்டிருச்சா? அப்ப அலுவலகத்துல உக்காந்திருக்கறது யாரு?" என்று நெட்டை எலிஸ் கேட்பான்.

"நல்லவேளை, அதுங்க நம்ம குவாரிக்கு அடியில இல்ல. இருந்திருந்தா மொதலாளி அதுங்ககிட்டயும் வாடகை வாங்கியிருப்பான்" என்பான் இன்னொருவன்.

வெள்ளையும் பச்சையும் எதற்கு என்று ஒருநாள் பேச்சு வந்திருக்கிறது. டியூடர் ராஜ குடும்பத்து நிறம் அது என்று எலிஸ் விளக்கினார். "நம்ம ரத்தம் ஓடுற ஒருத்தன், வெள்ளை பச்சைத் துணியில சிவப்பு டிராகன வச்சுக்கிட்டு, நம்ம நாடு முழுக்க நடந்து ஆள் சேர்த்து, இங்கிலாந்துக்குள்ள போய் அந்த ராஜாவத் தோக்கடிச்சுக் கிரீடத்த எடுத்து மாட்டிக்கிட்டான்டா!"

"மாட்டிக்கிட்டு? திரும்பி நம்ம பக்கம் வந்தானா?"

"அது... வரல."

"டிராகன என்ன பண்ணான்?"

"அரண்மனைச் சின்னத்துல, கேடயத்துப் பக்கத்துல நிக்கவச்சான். அப்புறம் வந்த ராஜா அதத் தூக்கிட்டு வேற மிருகத்த நிக்கவச்சுட்டான்."

"ஆகக்கூடி, நம்மள மாதிரிதான் அதையும் வேலையவிட்டுத் தூக்கியிருக்காங்க."

நெட்டை எலிஸுக்குத் தனிக் கருத்து இருந்தது. வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் நம் ஊர் லீக்ஸின் நிறம்தான் அது என்பான். "ஆனா லீக்ஸுக்கு வெள்ளை கீழ, பச்சை மேல. கொடியில தலைகீழா வச்சிருக்கான். தச்சவன் தோட்டம் போட்டவன் இல்ல."

இந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளாத ஆள் மெய்ரிக் வின். எலிஸோடு ஒரே பெஞ்சில் படித்தவர். பிற்காலத்தில் எங்கள் சேப்பலை நடத்தும் மூப்பர்களில் மூத்தவர். எங்கள் சேப்பல் சுவரில் ஒரு படம் கிடையாது, ஒரு சிலுவைகூடக் கிடையாது. வெறும் வெள்ளை. அதைக் காப்பதே தன் வேலை என்று மெய்ரிக் நினைத்தார். கபானில் எலிஸ் பேசி முடித்ததும் இவர் டீயைக் கீழே வைப்பாராம்.

"வேதத்தோட கடைசியில ஒரு சிவப்பு டிராகன் வருது. அது யாருன்னு ஞாயித்துப் பள்ளிக்கூடத்துக் குழந்தைகிட்டக் கேளு. சாத்தானப் போயி ஜன்னல்ல தொங்கவிடுறியே, மூளை இருக்கா?"

"அது வேற டிராகன்டா. அதுக்கு ஏழு தலை. நம்மது பாவம், ஒரே தலை, அதுலயும் மூக்கு சரியில்ல."

இந்தச் சண்டை இருபது வருஷத்துக்கு மேல் நடந்தது. இருவரும் மாலையில் ஒன்றாகவே மலையிறங்குவார்கள்.

பிறகு அரசாங்கமே எங்களுக்கு ஒரு கொடி கொடுத்தது. புது ராணி முடிசூடிய வருஷம் அது. டிராகனைச் சின்னதாக்கி, வட்டத்துக்குள் அடைத்து, சுற்றிலும் வாசகம் எழுதி, மேலே கிரீடம் வைத்திருந்தார்கள். ஊராட்சிக் கட்டடத்தில் அது ஏறிய அன்று எலிஸ் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். அதற்குள் அவருக்குத் தூசி நோய் பிடித்திருந்தது. சிலேட்டுத் தூசி நெஞ்சில் படிந்தால் இறங்காது.

"டிராகனப் பிடிச்சுத் தட்டுல வச்சு மூடியும் போட்டுட்டாங்க ஜினி. சூப்பு வைக்கப்போறாங்க போல" என்றார் என்னிடம். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் பிப்ரவரியில் அவரால் மாடி ஏற முடியவில்லை. கட்டிலைக் கீழே முன்னறைக்கு இறக்கி, தெரு தெரிகிற மாதிரி ஜன்னலோரம் போட்டோம். அங்கிருந்து பார்த்தால் ஊராட்சிக் கம்பமும் தெரியும், நான்கு வீடு தள்ளி எதிர்வரிசையில் சேப்பல் வாசலும் தெரியும். அந்த மாதக் கடைசியில்தான் ரேடியோவில் செய்தி வந்தது. தட்டுக் கொடி இனி வேண்டாம், வெள்ளை பச்சைமேல் சிவப்பு டிராகன் மட்டும் போதும், அதுதான் வேல்ஸின் கொடி என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டதாம். நான் அப்போது அவருக்கு ஆட்டிறைச்சிக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன்.

"கேட்டியா லெய்சா? நம்ம பாவாடை ஜெயிச்சிருச்சு" என்றார் எலிஸ்.

"அம்மா உயிரோட இருந்திருந்தா இப்பவாவது திருப்பிக் கேட்டிருப்பாங்க" என்றாள் லெய்சா.

அவர் சிரித்து, இருமி, நெடுநேரம் கண்ணை மூடிக் கிடந்தார். பிறகு சொன்னார். "லெய்சா, என் சவப்பெட்டி மேல நம்ம கொடியப் போடு. வேற ஒண்ணும் வேணாம். பூ வேணாம். அதப் போர்த்திக்கிட்டுத்தான் நான் சேப்பலுக்குள்ள போகணும்."

லெய்சா கஞ்சியை ஆற்றினாள். மெய்ரிக் என்ன சொல்வார் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். எங்கள் சேப்பலுக்கு அப்போது இரண்டு வருஷமாகப் போதகர் இல்லை. ஞாயிறு ஜெபமும் சவ அடக்கமும் மெய்ரிக்தான் நடத்தி வந்தார்.

மறுநாள் லெய்சா கேட்கப்போனாள். நான் அப்போது சேப்பலில் பெஞ்சுகளுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"முடியாது லெய்சா" என்றார் மெய்ரிக். "வேதத்துல வர்ற அந்த வலுசர்ப்பத்த இந்த வாசல் தாண்ட விடமாட்டேன். அவன்கிட்டயே சொல்லியிருக்கேன்."

"அவர் வலுசர்ப்பத்தக் கேக்கல. என் அம்மா பாவாடையக் கேக்கறாரு."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. கொடி உள்ள வராது."

அவள் போன பிறகு அவர் பிரசங்க மேடைக்கு ஏறும் படியில் உட்கார்ந்து, மேடைக் கைப்பிடி மரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அந்த மரத்தில் ஆணி அடித்துப் பிடுங்கின சின்னத் துளைகள் வரிசையாக உண்டு. எவ்வளவு மெழுகு தேய்த்தாலும் அவை மூடாது. நான் வாளியை எடுத்ததும்தான் நான் இருப்பது அவர் நினைவுக்கு வந்தது. எழுந்து போய்விட்டார்.

அன்று மாலை அவரே எலிஸ் வீட்டுக்கு வந்தார். லெய்சா பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"வந்துட்டாருய்யா மூப்பரு. சாகப்போறவன்கிட்டச் சாத்தானப் பத்தி இன்னொரு பிரசங்கமா?" என்றார் எலிஸ்.

மெய்ரிக் தொப்பியைக் கழற்றவில்லை. நின்றபடியே பேசினார்.

"எங்கண்ணன் கெத்தின உனக்கு ஞாபகமிருக்கா?"

"இல்லாம? எனக்கு மீன் பிடிக்கச் சொல்லிக்குடுத்தவன்ல."

"மொத யுத்தத்தப்ப ஒரு ஞாயித்துக்கிழமை நம்ம சேப்பலுக்கு ஒரு படைக்காரன் வந்தான். அப்ப இருந்த போதகரும் சேர்ந்துக்கிட்டாரு. மேடையில கைப்பிடி பூரா இங்கிலீஷ் கொடிய வச்சு ஆணி அடிச்சாங்க. பாட்டுப் பாடுனாங்க. பாட்டு முடிஞ்சதும், கர்த்தருக்காக யாரு எழுந்திரிக்கிறீங்கன்னு கேட்டாரு போதகர். எங்கண்ணன் என் பக்கத்துல உக்காந்திருந்தான். எழுந்திரிச்சான். நான் அவன் கோட்டப் பிடிச்சேன். தட்டிவிட்டுட்டுப் போனான்."

எலிஸ் ஜன்னல் வழியே சேப்பல் வாசலைப் பார்த்தார்.

"திரும்பி வரல. உனக்கே தெரியும்."

"அது அவங்க கொடிடா மெய்ரிக்" என்றார் எலிஸ் மெதுவாக. "நம்மது இல்லியே."

"அவன் சேர்ந்த படைக்கு டிராகன்தான் சின்னம். நம்ம டிராகன். மேடையில அன்னிக்கு டிராகன் தொங்கியிருந்தா அவன் உக்காந்தே இருந்திருப்பான்னு நினைக்கிறியா? இன்னும் வேகமா எழுந்திரிச்சிருப்பான். எந்தத் துணியா இருந்தாலும் சரி, அந்த நாலு சுவத்துக்குள்ள வரவிடமாட்டேன்னு எங்கம்மாகிட்டச் சொன்னேன். அவங்க கேட்டுத்தான் சொன்னேன்."

அடுப்பில் கரி பிடித்துக்கொண்டது. நான் திரும்பவில்லை.

"ஏன்டா, இத்தன வருஷமா இதச் சொல்லாம வேதத்தச் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்துன?"

"வேதத்தச் சொன்னா நீ சண்டைக்கு வருவ. இதச் சொன்னா இப்படிச் சும்மா இருப்ப. நீ சும்மா இருந்தா எனக்கு நல்லால்ல."

எலிஸுக்கு மூச்சைச் சேர்த்துக்கொள்ள நேரம் பிடித்தது. "சரி. உள்ள வேணாம். என்னைய வாசல்ல வை. கேட்டுக்கு வெளிய, ரோட்டுல. நீ வெளிய வந்து ஜெபம் பண்ணு."

"மூப்பன் சேப்பலப் பூட்டிட்டு ரோட்டுல நின்னு ஜெபம் பண்ணா ஊரு சிரிக்கும்."

"ஊரு என்னையப் பார்த்து எத்தனையோ வருஷமாச் சிரிக்குது. ஒண்ணும் ஆகாது. வயித்துக்கு நல்லது."

"கொடியில்லாம வா எலிஸ். உள்ள, முன்னாடி, எல்லாரும் பாட, ஒழுங்கா வா."

"மாட்டேன்."

"அப்ப நானும் வெளிய வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மெய்ரிக் போய்விட்டார்.

பின்கட்டிலிருந்து வந்த லெய்சா கடைசி வார்த்தைகளைக் கேட்டுவிட்டாள். ஈரத் துணியோடு கட்டில் காலருகே நின்றாள். "அந்த ஆள் வராட்டி? ஒரு ஜெபம் இல்லாம, ஒரு வார்த்தை இல்லாம, நாய் மாதிரி உன்னைய ரோட்டுலருந்தே தூக்கிட்டுப் போவாங்க. அதையும் நான் பார்க்கணுமா?"

"நீ அத எடுத்துராத. அவ்வளவுதான் கேக்கறேன். எடுக்கமாட்டேன்னு சொல்லு."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. கடைசியில் சொன்னாள்.

மார்ச் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. ஊராட்சிக் கம்பத்தில் புதுக் கொடி ஏறியது. கடையில் வாங்கியது, மூக்கு கூராக இருந்தது. எலிஸ் ஜன்னல் வழியே பார்த்து, "அழகாத்தான் இருக்கு. கொஞ்சம் திமிர்" என்றார். அந்த வாரக் கடைசியில் ஒரு காலை டீ கொண்டுபோன லெய்சா, சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது டீ சூடாகவே இருந்தது. அவர் போய்விட்டார்.

எங்கள் ஊரில் சவ அடக்கத்துக்கு ஆண்கள்தான் போவார்கள். அறிவிப்பிலேயே அப்படிப் போடுவார்கள். பெண்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட வேண்டும், டீக்கும் ரொட்டிக்கும் ஏற்பாடு பார்க்க வேண்டும். பெட்டியை மூடியதும் லெய்சா கொடியை விரித்துப் போட்டாள். பழஞ்சிவப்பு ஃபிளானல் அங்கங்கே பூச்சி அரித்திருந்தது. அவளே ஓரங்களைக் கையால் நீவிவிட்டாள். ஆணி அடிக்கவோ ஊசி குத்தவோ விடவில்லை. என் தம்பிகளும் நெட்டை எலிஸும் இன்னும் மூன்று பேரும் பெட்டியைத் தூக்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை.

மெய்ரிக் வீட்டுக்கு வரவில்லை. காலையிலேயே என்னிடம் சாவி வாங்கிக்கொண்டு சேப்பலுக்குள் போய்விட்டார். மற்ற மூப்பர்களும் வயசானவர்களும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியோடு போனவர்கள் கேட்டுக்கு வெளியே ரோட்டில் இரண்டு முக்காலிகளைப் போட்டு அதை இறக்கினார்கள். மலைக்காற்று. மழை விழவில்லை, ஆனால் விழுகிற மாதிரியே இருந்தது. சேப்பல் கதவு மூடியிருந்தது.

நாங்கள் பெண்கள் இந்தப் பக்கம் லெய்சாவின் வாசலில் நின்றோம். நடுவில் ரோடும் நான்கு வீடும்தான். ஆண்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். ஒருவர் பாட்டைத் தொடங்கினார், யாரும் சேராததால் நிறுத்திவிட்டார்.

"எடுத்துறச் சொல்லு லெய்சா" என்று தபால் எலிஸின் மனைவி கிசுகிசுத்தாள். "துணிதானே? மடிச்சுக் கையில வச்சுக்க. உள்ள கொண்டுபோகட்டும்."

லெய்சாவின் முகம் வெளுத்திருந்தது. ஒரு காலைப் படியிலிருந்து கீழே வைத்தாள். அவள் அதை எடுக்கப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். காற்று அந்த நேரம் கொடியின் ஒரு ஓரத்தைத் தூக்கியடித்தது. என் பெரிய தம்பி பாய்ந்து ஒரு முனையைப் பிடித்தான். நெட்டை எலிஸ் ஒன்றைப் பிடித்தான். இன்னொருவர் மூன்றாவதை. நான்காவது முனை பெட்டிமேல் படபடவென்று அடித்தது.

சேப்பல் கதவு திறந்தது.

மெய்ரிக் தலையில் தொப்பி இல்லாமல், வேதப் புத்தகத்தோடு வந்தார். படியில் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே இருந்தவர்கள் அவருக்குப் பின்னால் வாசலில் குவிந்தார்கள். அவர் கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு வந்து பெட்டியின் தலைமாட்டில் நின்றார். அடித்துக்கொண்டிருந்த முனை அவர் மார்பில் வந்து மோதியது. ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை அதை எட்டிப் பிடித்தார். பிடித்தபடியே மற்றக் கையில் புத்தகத்தை விரித்து வாசிக்கத் தொடங்கினார்.

அவர் குரல் ரோடு தாண்டி எங்களுக்குக் கேட்டது. அப்படி ஒரு சவ அடக்க வாசிப்பை நாங்கள் யாரும் முழுசாகக் கேட்டதில்லை. எப்போதும் சுவருக்கு வெளியே ரொட்டி அரிந்துகொண்டிருப்போம்.

பக்கம் முடிந்தது. அவர் நிறுத்தினார். ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் கொடி. தாடையால் திருப்பப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோர் கையும் கொடியிலோ பெட்டியிலோ இருந்தது. பின்னால் இருந்த மூப்பர் ஒருவர் முன்னால் வந்து, கொடி முனையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். மெய்ரிக் தலையசைத்து மறுத்தார்.

"லெய்சா" என்று ரோட்டின் குறுக்கே கூப்பிட்டார். "இங்க வந்து இந்தப் பக்கத்தத் திருப்பிவிடு."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லெய்சா கைகளை ஏப்ரனில் துடைத்தாள், அவை ஈரமாக இல்லை என்றாலும். ரோட்டைக் கடந்து போய் அவர் பக்கத்தில் நின்று, விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். திரும்பி நடக்கப்பார்த்தாள்.

"நில்லு" என்றார் மெய்ரிக். "இன்னும் நாலஞ்சு பக்கம் இருக்கு."